திரை போட்ட கண்ணாடி

புந்தா அரேனாஸில் காற்று கிளம்பும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.
எலெயுத்தேரியோ கார்கமோ
இடது கையால் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.
வலது கை, மூன்று வருடம் முன்பு
நண்டுக் கூடை ஏற்றும் விஞ்சில்
மணிக்கட்டோடு போயிற்று.

போனது போகவில்லை என்பதுதான் புகார்.
"மூடியே இருக்கு, சென்யோரா.
நகம் உள்ளங்கையில இறங்குது.
நகமும் இல்ல, உள்ளங்கையும் இல்ல,
இறங்குறது மட்டும் இருக்கு."

கயிறு வலித்த கை.
இப்போதும் வலிக்கிறது.

படிவத்தை எடுத்தேன்.
பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு.
பத்து என்றால்
உங்களால் நினைத்துப்பார்க்க முடிந்ததிலேயே மோசமான வலி.
"நினைச்சுப் பார்த்ததா, பட்டதா?" என்றார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
எட்டு போட்டுக்கொள்ளச் சொன்னார்,
என்மேல் இரக்கப்பட்டு.

ஆய்வு ஒன்றும் சிக்கலில்லை.
ஒரு பெட்டி, நடுவில் நிற்கும் கண்ணாடி.
இருக்கும் கை இந்தப் பக்கம்,
இல்லாத கை அந்தப் பக்கம்.
கண்ணாடிக்குள் ஒரு கை விரியும்போது
மூளை ஏமாறக்கூடும்.
ஏமாந்தால் முஷ்டி தளரக்கூடும்.
பாதிப் பேருக்குக் கண்ணாடி.
மீதிப் பேருக்கு அதே கண்ணாடி, மேலே துணி.
யாருக்கு எது என்று
சாந்தியாகோவில் ஒரு கணினி குலுக்கிப்போட்டு
உறையில் ஒட்டி அனுப்பும்.

அவர் உறையை நான்தான் பிரித்தேன்.
துணி.

ஆஸ்பத்திரித் துணியில் வெளிச்சம் ஊடுருவியது.
சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்கி
வீட்டில் உட்கார்ந்து நானே ஓரம் அடித்தேன்.
ஒன்றும் தெரியாமல் இருப்பதற்காக
அவ்வளவு நேர்த்தியாகத் தைத்தேன்.

நான்கு வாரம், தினம் கால் மணி நேரம்.
விரியுங்கள். மடக்குங்கள்.
சாம்பல் துணியைப் பார்த்தபடி
இடது கையை விரிப்பார், மடக்குவார்.
பின்னால் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை.
ஒருமுறை மட்டும், தானாக:
"ஜலசந்தியில பனி இறங்கினா மிதவை தெரியாது.
கூடை கீழதான் கிடக்கும்."

மூன்றாம் வாரம் அவர் மனைவி தெல்மிரா போன் செய்தாள்.
ஐந்து மணி நேரம் தூங்கினாராம்.
எழுந்து பார்த்தாளாம், மூச்சு வருகிறதா என்று.

எட்டு, ஏழரை, ஏழு, ஆறு.

டாக்டர் உண்டுராகா எண்களைப் பார்த்து உதட்டைச் சுழித்தார்.
துணிக் குழுவுக்கும் குறைகிறதே.
அவர் தூங்கிய ஒவ்வொரு இரவும்
என் வரைபடத்தின் இரண்டு கோடுகளை
இன்னும் கொஞ்சம் நெருக்கியது.
மகிழ்ந்தேன்.
மகிழ்ந்ததை எங்கே பதிவு செய்வது என்று தெரியவில்லை.

கடைசி நாள். விதிப்படி
துணிக் குழுவுக்கும் கண்ணாடியைக் காட்டலாம்.
எடுத்தேன்.
முழுசாய் ஒரு வலது கை.
விரலில் கல்யாண மோதிரம்கூட.

வெகுநேரம் பார்த்தார்.
"இது இடது கையோட வேஷம், சென்யோரா.
என் வலது கையில மோதிரம் கிடையாது.
கட்டைவிரல் அடியில கம்பி கிழிச்ச தழும்பு இருந்தது."
துணியை எடுத்து
அவரே மறுபடி போட்டார்,
தூங்குகிறவனுக்குப் போர்த்துவதுபோல.
"அதுக்குப் பின்னால இருந்ததுதான் என்னுது."

போகும்போது அதைக் கேட்டார். மடித்துக் கொடுத்தேன்.
இருப்புப் பதிவேட்டில் எழுதினேன்: துணி ஒன்று, குறைவு.

ஜூனில், பகல் ஏழு மணி நேரமே நிற்கும் மாதத்தில்,
தொடர் கண்காணிப்புக்காக அழைத்தேன்.
ஏழு, என்றார். காற்று நாளில் எட்டு.
பேனா எண்ணருகில் நின்றது.
கேள்வித்தாளில் இல்லாததைக் கேட்டேன்:
கை இன்னும் மூடியேதான் இருக்கிறதா?

மறுமுனையில் காற்று.
பிறகு, யாரையோ எழுப்பிவிடக் கூடாதென்பதுபோல,
"கட்டைவிரல் மட்டும்
வெளிய வந்திருக்கு."